பில்டு சிவப்பா? அறிகுறியைப் பார்த்து வழியைப் பிடியுங்கள்

எங்கள் குழுவில் பதினோரு பேர். “பில்டு உடைஞ்சிருக்கு, கொஞ்சம் பாருங்களேன்” என்ற செய்தி வாரத்துக்கு மூன்று நான்கு தடவையாவது எனக்கு வந்துவிடும். நாம் அனுப்பிய கோடை ஒரு சர்வர் தானாகக் கட்டி, டெஸ்ட் ஓட்டிப் பார்ப்பதுதான் பில்டு. தேறினால் பச்சை, உடைந்தால் சிவப்பு. இதற்கென்று யாரும் என்னை நியமிக்கவில்லை. ஒருமுறை சரிசெய்து கொடுத்தேன், அன்றிலிருந்து என் தலையில் விழுந்தது. பாதி நாள் போனில்தான் வழி சொல்வேன். கீழே கட்டளைகளையும் போனில் சொல்வதுபோலவே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் நீங்கள் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள். பில்டு சர்வர் ஜென்கின்ஸோ கிட்ஹப் ஆக்‌ஷன்ஸோ கிட்லேபோ, எதுவாக இருந்தாலும் நோய் ஏறக்குறைய ஒன்றுதான்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இரண்டு விஷயம். “மறுபடி ஓட்டு” பொத்தானில் கை வைக்காதீர்கள். லாகை, அதாவது பில்டு ஓடியபோது சர்வர் எழுதிய பதிவை, முழுதாக இறக்கி வைத்துக்கொண்ட பிறகு ஓட்டலாம். சொந்த சர்வர் என்றால் அடுத்த ஓட்டம் பழைய வேலை ஃபோல்டரைத் துடைத்துவிடும், தடயம் போய்விடும். அடுத்தது, அந்த லாகில் கடைசி வரியை மட்டும் எனக்கு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பாதீர்கள். கடைசி வரி பெரும்பாலும் “எக்ஸிட் கோடு 1” என்றுதான் சொல்லும். மேலிருந்து இறங்கி வாருங்கள். முதல் எரர் எங்கே இருக்கிறதோ அதுதான் நோய், அதற்குக் கீழே இருப்பதெல்லாம் அதன் வாந்தி.

## அறிகுறி 1: புஷ் செய்தாயிற்று, பில்டு தொடங்கவே இல்லை

புஷ் என்பது கிட்டில் (கோடின் வரலாற்றைக் காக்கும் கருவி) சேமித்த மாற்றங்களைச் சர்வருக்கு அனுப்புவது; அப்படிச் சேமித்த ஒவ்வொரு மாற்றமும் ஒரு கமிட். முதலில் கமிட் செய்தியைப் பாருங்கள். சதுர அடைப்புக்குள் “ஸ்கிப் சிஐ” (பில்டு வேண்டாம் என்று பொருள்) என்று யாராவது எழுதியிருந்தால் கிட்ஹப்பிலும் கிட்லேபிலும் பில்டு ஓடாது. பழைய கமிட் செய்தியை அப்படியே ஒட்டியவர்கள் இதில் மாட்டுவார்கள்.

அடுத்து பைப்லைன் கோப்பு, அதாவது பில்டின் படிகளை எழுதிவைத்திருக்கும் கோப்பு. அதில் எந்த பிராஞ்ச் (கோடின் தனிக் கிளை), எந்த ஃபோல்டர் மாறினால் ஓட வேண்டும் என்ற வடிகட்டி இருக்கும். நீங்கள் தொட்டது டாக்ஸ் ஃபோல்டர் மட்டும் என்றால் அது சும்மா இருப்பதுதான் சரி. அந்தக் கோப்பையே திருத்தியிருந்தால் உள்தள்ளலைப் பாருங்கள்: அந்தக் கோப்பின் வடிவமான யாமெலில் டேப் கூடாது, ஸ்பேஸ் மட்டும்தான்.

இரவு நேர ஷெட்யூல் பில்டு மட்டும் நின்றுபோனதா? கிட்ஹப்பில் பொதுவில் திறந்திருக்கும் ரெப்போவில் (கோடு இருக்கும் களஞ்சியம்) 60 நாள் எந்த அசைவும் இல்லையென்றால் ஷெட்யூலை அதுவே அணைத்துவிடும். ஆக்‌ஷன்ஸ் பக்கத்தில் போய்த் திரும்ப இயக்கினால் போதும்.

“காத்திருக்கிறது” என்று மஞ்சளாகவே நிற்கிறதா? பில்டை ஓட்டும் மெஷினான ரன்னர் ஆஃப்லைனில் இருக்கிறது, அல்லது நீங்கள் கேட்கும் லேபிளில் ரன்னரே இல்லை. சொந்த ஜென்கின்ஸ் என்றால் கிட்ஹப்பின் வெப்ஹுக் (புஷ் நடந்ததை உங்கள் சர்வருக்குச் சொல்லும் இணைப்பு) பக்கத்தில் “சமீபத்திய அனுப்புதல்கள்” பகுதியைத் திறந்து பாருங்கள். அங்கே சிவப்பு முக்கோணம் இருந்தால் தகவல் உங்கள் சர்வரை எட்டவில்லை. இங்கே நிறுத்திவிட்டு நெட்வொர்க் ஆளைக் கூப்பிடுங்கள். ஃபயர்வாலில் யாரோ போட்ட புதிய விதியை பைப்லைன் கோப்பைத் திருத்தித் திருத்தி நீங்கள் சரிசெய்ய முடியாது.

## அறிகுறி 2: என் மெஷினில் ஓடுகிறது, சர்வரில் உடைகிறது

எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பங்கு இதுதான். இதற்கு ஒரே ஒரு சோதனை. உங்கள் லேப்டாப்பிலேயே வேறொரு ஃபோல்டரில் ரெப்போவைப் புதிதாக நகலெடுத்து (குளோன் செய்து), பைப்லைன் கோப்பில் உள்ள கட்டளைகளை அதே வரிசையில் ஓட்டுங்கள். கோடு எழுதும் மென்பொருளான ஐடிஇயின் பச்சைப் பொத்தானை அமுக்கக் கூடாது. இதைச் செய்யாமல் என்னைக் கூப்பிட்டால் நானும் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

அங்கும் உடைகிறது என்றால்: உங்களிடம் இருக்கும் ஏதோ ஒன்று ரெப்போவில் இல்லை. பழைய ஃபோல்டரில் ‘கிட் ஸ்டேட்டஸ்’ அடியுங்கள். ‘ஆட்’ செய்து கமிட்டில் சேர்க்க மறந்த கோப்பு அங்கேயே பல்லைக் காட்டும். அதில் தெரியவில்லையென்றால் கிட் கண்டுகொள்ளக் கூடாதவற்றின் பட்டியலான கிட்இக்னோர் அதை மறைத்திருக்கலாம். ‘கிட் செக்-இக்னோர் -வி’ என்று அடித்துக் கோப்பின் பெயரைக் கொடுங்கள். எந்த வரி மறைக்கிறது என்று வரி எண்ணோடு சொல்லும். எங்களிடம் ஒருவர் சோர்ஸுக்குள் “பில்டு” என்ற பெயரில் ஃபோல்டர் உருவாக்கினார். கிட்இக்னோரில் “பில்டு/” என்று நாலு வருடமாக ஒரு வரி இருந்தது. அவருடைய மூன்று நாள் வேலை கிட்டுக்குத் தெரியவே தெரியாது. லேப்டாப் நல்லபடியாக இருந்தது, தப்பித்தார்.

அதற்கடுத்தவை: உங்கள் டாட் என்வ் என்ற அமைப்புக் கோப்பில் மட்டும் இருக்கும் மாறிகள், எப்போதோ குளோபலாக இன்ஸ்டால் செய்து மறந்த கருவிகள்.

அங்கே ஓடுகிறது, சர்வரில் மட்டும் உடைகிறது என்றால்: இரண்டு மெஷினுக்கும் உள்ள வேறுபாட்டைத் தேடுங்கள். நான் பார்க்கும் வரிசை இது.

*பெரிய எழுத்து, சின்ன எழுத்து.* விண்டோஸும் மேக்கும் வழக்கமான அமைப்பில் கோப்புப் பெயரில் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை, லினக்ஸ் பார்க்கும். கோப்பின் பெயர் பெரிய ‘யூ’வில் தொடங்குகிறது, இம்போர்ட்டில் சின்ன ‘யூ’ என்றால் உங்களுக்கு ஓடும், சர்வரில் “கோப்பு இல்லை” என்று வரும். பெயரை எக்ஸ்ப்ளோரரில் போய் மாற்றினால் கிட் அதைக் கவனிக்காமலே போகலாம். ‘கிட் எம்வி’ கொண்டு மாற்றுங்கள். ஃபோல்டர் என்றால் நடுவில் ஒரு தற்காலிகப் பெயர் கொடுத்து இரண்டு படியாக மாற்றுவது பத்திரம். ஒருமுறை நானும் இன்னொருவரும் ஒன்றரை மணி நேரம் லாகை வெறித்துப் பார்த்தோம். தேநீர் கொண்டுவந்து வைத்த புதுப் பயிற்சியாளர்தான் எட்டிப் பார்த்து “அது கேபிடல்தானே அண்ணா?” என்றார்.

*வரி முடிவு.* ஷெல் ஸ்கிரிப்ட் “பேட் இன்டர்பிரட்டர்” என்று உடைந்து, பக்கத்தில் தொப்பிக் குறியோடு ஒரு ‘எம்’ தெரிந்தால், விண்டோஸ் வரி முடிவு உள்ளே போய்விட்டது. ஒவ்வொருவர் மெஷினிலும் ‘ஆட்டோசிஆர்எல்எஃப்’ அமைப்பைத் துரத்தாதீர்கள். ரெப்போவின் வேரில் கிட்ஆட்ரிபியூட்ஸ் கோப்பு வைத்து, எல்லாவற்றுக்கும் ‘டெக்ஸ்ட்=ஆட்டோ’, ஷெல் கோப்புகளுக்கு ‘இஓஎல்=எல்எஃப்’ என்று எழுதி, ‘கிட் ஆட் --ரீநார்மலைஸ் .’ ஓட்டி கமிட் செய்யுங்கள். ஒருமுறை செய்தால் குழு முழுவதற்கும் தீர்ந்தது.

*இயக்கும் அனுமதி.* “பெர்மிஷன் டினைட்” என்று ஸ்கிரிப்ட் நின்றால், விண்டோஸில் உருவாக்கியதால் எக்ஸிகியூட் அனுமதி இல்லாமல் கமிட் ஆகியிருக்கும். ‘கிட் அப்டேட்-இண்டெக்ஸ் --சிஹெச்மாட்=+எக்ஸ்’, பிறகு கோப்பின் பெயர்.

*பதிப்பு.* நோட், ஜாவா, பைத்தான் எதுவானாலும் பதிப்பு எண்ணை இரண்டு பக்கமும் அச்சடித்துப் பாருங்கள். பைப்லைனின் முதல் படியே பதிப்புகளை அச்சிடுவதாக இருக்கட்டும். சர்வரில் நோடின் பேக்கேஜ்களை இறக்க ‘என்பிஎம் இன்ஸ்டால்’ ஓடுகிறதென்றால் அதை ‘என்பிஎம் சிஐ’ ஆக்குங்கள். பேக்கேஜ் பதிப்புகளைப் பூட்டி வைக்கும் லாக் கோப்போடு (மேலே சொன்ன பதிவு லாக் அல்ல) பொருந்தாவிட்டால் அது முகத்துக்கு நேரே சொல்லி நின்றுவிடும். முன்னது சத்தமில்லாமல் சமாளித்துக்கொள்ளும். அந்தச் சமாளிப்புதான் பிறகு உங்கள் சாயங்காலத்தைத் தின்னும்.

*பாதி வரலாறு.* பதிப்பு எண்ணை டேகிலிருந்து (கமிட்டில் ஒட்டிய பெயர்ச்சீட்டு) எடுக்கும் ஸ்கிரிப்ட் “டேக் இல்லை” என்றால், சர்வர் முழு வரலாற்றை எடுக்கவில்லை. கிட்ஹப்பின் செக்அவுட் வழக்கமாகக் கடைசி ஒரே கமிட்டைத்தான் எடுக்கும். கிட்லேப் புதிய புராஜெக்ட்டுகளுக்கு 20. கிட்ஹப்பில் ‘ஃபெட்ச்-டெப்த்’ மதிப்பை 0 ஆக்கினால் முழுதும் வரும். பெரிய ரெப்போவில் நேரம் கூடும், தேவைப்படும் ஜாபில் மட்டும் வையுங்கள்.

இத்தனையும் பார்த்தும் தீரவில்லையென்றால், சர்வர் பயன்படுத்தும் அதே டாக்கர் இமேஜை (தேவையான கருவிகள் எல்லாம் அடங்கிய தயார் சூழல்) உங்கள் மெஷினில் இறக்கி அதற்குள் பில்டை ஓட்டுங்கள். அதற்குள்ளும் ஓடி, சர்வரில் மட்டும் உடைந்தால், கோளாறு இனி உங்கள் கோடில் இல்லை. ரன்னரைப் பார்க்கும் ஆளிடம் இரண்டு லாகையும் கொடுங்கள்.

## அறிகுறி 3: நேற்று பச்சை, இன்று சிவப்பு; “யாரும் எதையும் தொடலை”

நேற்று பச்சையாக இருந்த அதே கமிட்டை இன்று மறுபடி ஓட்டுங்கள். மறுபடி ஓட்டும் பொத்தானுக்கு உண்மையான வேலை இதுதான்.

பச்சையாகவே வந்தால் யாரோ தொட்டிருக்கிறார்கள். யார் என்று சண்டை போட வேண்டாம், ‘கிட் பைசெக்ட்’ சொல்லும். நல்ல கமிட் ஒன்று, கெட்ட கமிட் ஒன்று கொடுத்தால் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போகும். ஆயிரம் கமிட் இடையில் இருந்தாலும் பத்துப் படிதான். ‘பைசெக்ட் ரன்’ என்று டெஸ்ட் கட்டளையையும் சேர்த்துக் கொடுத்தால் தானே ஓட்டிப் பார்த்துக் குற்றவாளியைக் காட்டும்.

சிவப்பாக வந்தால் வெளியுலகம் மாறியிருக்கிறது. பைப்லைனிலும் டாக்கர் கோப்பிலும் “லேட்டஸ்ட்” என்ற சொல்லைத் தேடுங்கள். கிட்ஹப்பின் “உபுண்டு-லேட்டஸ்ட்” 22.04-லிருந்து 24.04-க்கு நகர்ந்து 2025 ஜனவரியில் முடிந்தபோது, பழைய இமேஜில் முன்கூட்டியே இருந்த சில கருவிகளை நம்பியிருந்த பில்டுகள் விழுந்தன. எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள். எப்போது மாறுவது என்று நீங்கள் தீர்மானியுங்கள்.

“டூ மெனி ரிக்வெஸ்ட்ஸ்” என்று வந்தால், இமேஜ்களை இறக்கும் தளமான டாக்கர் ஹப் போட்ட வரம்பு. 2020 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தபோது, லாகின் இல்லாமல் எடுப்பவர்களுக்கு ஒரு ஐபி முகவரிக்கு 6 மணி நேரத்தில் 100 என்று கணக்கு. அலுவலகம் முழுக்க ஒரே ஐபியில் வெளியே போவதால் பக்கத்து டீமின் பாவத்தையும் நீங்கள் சுமப்பீர்கள். பைப்லைனில் லாகின் படியைச் சேர்ப்பது மலிவான மருந்து.

சான்றிதழ் எரர் வந்தால் முதலில் மெஷினின் கடிகாரம், பிறகு பேஸ் இமேஜின் வயது. 2021 செப்டம்பர் 30 அன்று லெட்ஸ் என்கிரிப்ட் சார்ந்திருந்த பழைய ரூட் சான்றிதழ் ஒன்று காலாவதியானது. பழைய இமேஜ்களில் ஓடிய பில்டுகள் அன்று திடீரென்று யாரையும் நம்ப மறுத்தன. சான்றிதழ் சோதனையை அணைத்துவிடும் ஃபிளாகைத் தேடிப் போடாதீர்கள், இமேஜைப் புதுப்பியுங்கள்.

ஒரு பேக்கேஜே மாயமாகிவிட்டால் பதிப்பைப் பூட்டும் லாக் கோப்பும் காப்பாற்றாது. 2016 மார்ச்சில் ‘லெஃப்ட்-பேட்’ என்ற 11 வரிப் பேக்கேஜை அதை எழுதியவர் என்பிஎம்மிலிருந்து நீக்கியபோது, அதன்மேல் ஏறி நின்ற ஏகப்பட்ட புராஜெக்ட்டுகளின் பில்டு சாய்ந்தது. நிறுவனத்துக்குள் ஒரு பேக்கேஜ் மிரர் வைத்துக்கொள்வதுதான் தீர்வு. அதற்குச் செலவும் பராமரிப்பும் உண்டு, பட்ஜெட் கையில் உள்ளவரிடம் போக வேண்டிய விஷயம்.

இந்த அறிகுறியில் ஒன்று மட்டும் வேறு ரகம்: நீங்கள் தொடாமலே, பைப்லைனில் பயன்படுத்த வேறு யாரோ எழுதிய வெளி ஆக்‌ஷன் ஒன்று புதிதாக ஏதோ செய்கிறது, லாகில் புரியாத நீளமான எழுத்துக்குவியல் தெரிகிறது. 2025 மார்ச்சில் ‘டிஜே-ஆக்‌ஷன்ஸ்/சேஞ்ஜ்ட்-ஃபைல்ஸ்’ என்ற ஆக்‌ஷனின் டேகுகளைத் தாக்குபவர்கள் தங்கள் கமிட்டுக்குத் திருப்பிவிட்டார்கள். அதைப் பயன்படுத்திய பில்டுகளின் ரகசியங்கள் லாகிலேயே அச்சாகின. 23,000-க்கும் மேற்பட்ட ரெப்போக்கள் அந்த ஆக்‌ஷனைப் பயன்படுத்தி வந்தன. இப்படி ஒன்றைப் பார்த்தால் ஆராய்ச்சி வேண்டாம். பைப்லைனை நிறுத்தி, பாதுகாப்பு ஆளைக் கூப்பிட்டு, அறிகுறி 8-க்குப் போங்கள். வெளி ஆக்‌ஷன்களை டேகில் நம்பாமல் முழு கமிட் ஹாஷில் (கமிட்டின் மாறாத அடையாள எண்) கட்டிவைப்பது அதற்கடுத்த வேலை.

## அறிகுறி 4: ஒருமுறை பச்சை, ஒருமுறை சிவப்பு

எந்த டெஸ்ட், எத்தனை மணிக்கு என்று இரண்டு வாரம் குறித்து வையுங்கள். பாதிக் கேள்விக்கு அந்தத் தாளே பதில் சொல்லிவிடும்.

நள்ளிரவு முதல் காலை 5.30 வரை மட்டும் விழுகிறதா? நம் ஊர்க்காரர்களுக்கென்றே உள்ள கோளாறு இது. பில்டு சர்வர் உலகப் பொது நேரமான யூடிசியில் ஓடும், நாம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். கோடு இந்தியத் தேதியைக் கணக்கிட, டெஸ்ட் சர்வர் தேதியை எடுத்தால், அந்த ஐந்தரை மணி நேரம் இரண்டும் வேறு வேறு நாளில் இருக்கும். நேர மண்டலத்தைச் சொல்லும் ‘டிஇசட்’ மாறியை யூடிசியாக வைத்து உங்கள் லேப்டாப்பில் நள்ளிரவுக்குப் பிறகு ஓட்டிப் பார்த்தால் அப்படியே பிடிபடும். மருந்து: டெஸ்டுக்குள் கடிகாரத்தை நிறுத்திவையுங்கள், நிலையான ஒரு நேரத்தைக் கொடுங்கள்.

தனியாக ஓட்டினால் பச்சை, கூட்டத்தோடு சிவப்பு என்றால் முந்தைய டெஸ்ட் விட்டுப்போன குப்பை. வரிசையைக் கலைத்து ஓட்டுங்கள். இணையாக ஓடும்போது மட்டும் என்றால் ஒரே போர்ட், ஒரே தற்காலிகக் கோப்பு, ஒரே டேட்டாபேஸ் டேபிள். “ரெண்டு செகண்ட் தூங்கு” என்று எழுதிய டெஸ்டுகள் சர்வர் மெதுவாக இருக்கும் நாளில் விழும். தூக்கத்தை ஐந்து செகண்டாக்குவது மருந்தே அல்ல.

மூன்று முறை தானாக மறுபடி ஓட்டும் அமைப்பை வைக்கலாமா என்று கேட்பார்கள். என் கருத்து: கூடாது. அந்த டெஸ்டைத் தனியே ஒதுக்கி, ஒரு பெயரையும் தேதியையும் எழுதி வையுங்கள்.

## அறிகுறி 5: பாதியில் செத்துவிடுகிறது, அல்லது தொங்குகிறது

“நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்” வந்தால் ‘டிஎஃப் -ஹெச்’. அதில் இடம் காலியாகத் தெரிந்தாலும் ஏமாறாதீர்கள். ‘டிஎஃப் -ஐ’ அடித்து ஐநோடு (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்றாகச் செலவாகும் பதிவிடம்) எண்ணிக்கையைப் பாருங்கள். நோட் மாட்யூல்ஸின் லட்சக்கணக்கான குட்டிக் கோப்புகள் அதைத் தீர்த்திருக்கும். ஜென்கின்ஸில் பழைய பில்டுகளை நீக்கும் அமைப்பை ஒவ்வொரு ஜாபிலும் இயக்குங்கள். ‘டாக்கர் சிஸ்டம் ப்ரூன்’ நன்றாகத் துடைக்கும், ஆனால் பலர் பகிரும் மெஷினில் கேட்காமல் அடிக்காதீர்கள். வால்யூம்களையும் சேர்த்துத் துடைக்கும் ஃபிளாகை அடிக்கவே அடிக்காதீர்கள். யாருடைய டெஸ்ட் டேட்டாபேஸ் அதில் குடியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

எக்ஸிட் கோடு 137 என்றால் வெளியிலிருந்து கொன்றிருக்கிறார்கள், பெரும்பாலும் நினைவகம் போதாமல். இணையாக ஓடும் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஜாவா என்றால் ஹீப் அளவு கன்டெய்னரின் எல்லைக்குள் இருக்கிறதா பாருங்கள். அப்புறம்தான் பெரிய ரன்னருக்குக் காசு கேட்க வேண்டும்.

தொங்கினால், பெரும்பாலும் ஏதோ ஒரு கட்டளை “ஆம்/இல்லை” கேட்டுவிட்டு, பதில் சொல்ல ஆளில்லாத அறையில் உட்கார்ந்திருக்கிறது. கிட்ஹப்பில் ஒரு ஜாபின் வழக்கமான கால வரம்பு 360 நிமிடம். உங்கள் பில்டு எட்டு நிமிடம் என்றால் வரம்பை 20 என்று நீங்களே வையுங்கள். வெள்ளிக்கிழமை தொங்கிய பில்டுகளுக்குத் திங்கள்கிழமை பில் வரும்.

## அறிகுறி 6: புஷ்ஷையே ஏற்கவில்லை

“நான்-ஃபாஸ்ட்-ஃபார்வர்ட்” என்றால் உங்களுக்கு முன் வேறொருவர் புஷ் செய்துவிட்டார். ‘கிட் புல் --ரீபேஸ்’ அடித்து அவர் மாற்றங்களின்மேல் உங்களுடையதை அடுக்குங்கள், பிறகு புஷ். ‘--ஃபோர்ஸ்’ போட்டால் அவருடைய வேலை போய்விடும். உங்கள் சொந்த பிராஞ்சை ரீபேஸ் செய்துவிட்டு அனுப்பவேண்டியிருந்தால் மட்டும் ‘--ஃபோர்ஸ்-வித்-லீஸ்’.

பாஸ்வேர்டு சரியாக இருந்தும் மறுக்கிறதா? கிட்ஹப் 2021 ஆகஸ்ட் 13 முதல் கிட் வேலைகளுக்குக் கணக்கின் பாஸ்வேர்டை ஏற்பதில்லை. டோக்கன் அல்லது எஸ்எஸ்ஹெச் சாவி வேண்டும். டோக்கன்தான் வைத்திருக்கிறேன் என்றால் அது காலாவதியாகியிருக்கும்.

100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பைக் கிட்ஹப் தடுத்துவிடும். அடுத்த கமிட்டில் அதை நீக்கினாலும் தடுக்கும், ஏனென்றால் முந்தைய கமிட்டில் அது இன்னும் இருக்கிறது. கடைசி கமிட் என்றால் கோப்பை எடுத்துவிட்டு அந்தக் கமிட்டையே திருத்தினால் (அமெண்ட்) போதும்.

“ஹோஸ்ட் கீ (சர்வரின் அடையாளச் சாவி) மாறிவிட்டது” என்ற பெரிய எச்சரிக்கையை மட்டும் பழக்கத்தில் தட்டிவிடாதீர்கள். சேவை நிறுவனம் தன் தளத்தில் வெளியிட்டிருக்கும் சாவியின் கைரேகையோடு ஒப்பிட்ட பிறகே உங்கள் மெஷினில் பதிவான பழைய சாவியின் வரியை நீக்குங்கள். பொருந்தவில்லையென்றால் நெட்வொர்க் ஆள்.

## அறிகுறி 7: என் வேலையைக் காணோம்

முதலில் கையை எடுங்கள். பதற்றத்தில் அடிக்கும் அடுத்த மூன்று கட்டளைகள்தான் உண்மையில் அழிப்பவை.

கமிட் செய்திருந்தீர்களா? அப்படியானால் அநேகமாக இருக்கிறது. ‘கிட் ரீஃப்லாக்’ அடியுங்கள். ஹெட், அதாவது நீங்கள் நின்ற கமிட், எங்கெல்லாம் போய்வந்தது என்று வரிசையாகத் தெரியும். உங்கள் கமிட் செய்தியைக் கண்டுபிடித்து, அதன் ஹாஷைக் கொடுத்து ‘கிட் பிராஞ்ச் மீட்பு’ என்று ஒரு பிராஞ்ச் போடுங்கள். பிராஞ்சை நீக்கியது, தப்பான ரீபேஸ், ‘ரீசெட் --ஹார்ட்’, டிடாச்டு ஹெட்டில் வேலை செய்துவிட்டு வேறு பிராஞ்சுக்குப் போனது, எல்லாவற்றுக்கும் இதே மருந்துதான். பிராஞ்சிலிருந்து எட்ட முடியாமல் போன பதிவுகளை கிட் வழக்கமாக 30 நாள் வைத்திருக்கும், மற்றவற்றை 90 நாள். இந்த நேரத்தில் பழையதைத் துடைக்கும் ‘கிட் ஜிசி’ பக்கம் போகாதீர்கள்.

கமிட் இல்லை, ஆனால் ‘ஆட்’ செய்தீர்களா? அல்லது தற்காலிகமாக ஒதுக்கி வைத்த மாற்றத்தை (ஸ்டாஷ்) டிராப் செய்துவிட்டீர்களா? ‘கிட் எஃப்எஸ்சிகே --லாஸ்ட்-ஃபவுண்ட்’. ஆட் செய்த கோப்புகள் பெயர் இல்லாமல் உள்ளடக்கமாக மட்டும் கிடைக்கும். ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும், பொறுமை வேண்டும்.

இரண்டும் இல்லையா? கிட்டிடம் ஒன்றும் இல்லை. எடிட்டரிடம் இருக்கலாம். விஎஸ் கோடின் டைம்லைன், இன்டெல்லிஜேயின் லோக்கல் ஹிஸ்டரி இரண்டும் பலரைக் காப்பாற்றியிருக்கின்றன.

சர்வரில் உள்ள பிராஞ்சையே யாராவது ஃபோர்ஸ் புஷ்ஷால் மேலெழுதிவிட்டால், குழுவில் எல்லோரிடமும் உடனே சொல்லுங்கள்: யாரும் புல் செய்ய வேண்டாம். காலையில் லேப்டாப்பையே திறக்காத ஒருவரிடம் பழைய பிராஞ்ச் பத்திரமாக இருக்கும். எங்களிடம் அப்படிக் காப்பாற்றியவர் திருமண விடுப்பில் இருந்தார். மண்டபத்தில் லேப்டாப் இருந்ததற்கு அவர் மனைவி இன்னும் கோபமாக இருக்கிறார்.

யாரிடமும் இல்லையென்றால் சேவை நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதுங்கள், தாமதிக்காமல். அவர்கள் பக்கம் பழைய கமிட்டுகள் உடனே அழிவதில்லை.

## அறிகுறி 8: பாஸ்வேர்டோ டோக்கனோ புஷ் ஆகிவிட்டது

மற்ற எல்லா அறிகுறிக்கும் மலிவானதிலிருந்து தொடங்கினோம். இதில் மட்டும் தலைகீழ். முதல் வேலை அந்தச் சாவியை ரத்து செய்து புதியது போடுவது. கமிட்டை நீக்குவது, ரெப்போவை மறைப்பது எல்லாம் அதற்குப் பிறகு. பொது ரெப்போக்களைச் சாவிக்காகவே துழாவும் நிரல்கள் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கின்றன. “அஞ்சு நிமிஷத்துல எடுத்துட்டேன்” என்பது கணக்கில் சேராது. பெரியவர்களுக்கும் இது நடக்கும். கிட்ஹப் நிறுவனமே தன் ஆர்எஸ்ஏ எஸ்எஸ்ஹெச் தனிச்சாவி ஒரு பொது ரெப்போவில் சிறிது நேரம் தெரிந்துவிட்டதால் 2023 மார்ச் 24 அன்று அதை மாற்றியது. மேலே சொன்ன ஹோஸ்ட் கீ எச்சரிக்கை அன்று ஏகப்பட்ட பில்டுகளில் வந்தது.

சாவியை மாற்றிய பிறகு, பழைய சாவி எங்கெல்லாம் பயன்பட்டது என்று அந்தச் சேவையின் பதிவுகளைப் பாருங்கள். வரலாற்றிலிருந்து கோப்பை அகற்ற ‘கிட் ஃபில்டர்-ரெப்போ’ என்ற கருவி இருக்கிறது. அந்தக் கோப்பு நுழைந்த கமிட்டிலிருந்து பின்வரும் எல்லா கமிட் ஹாஷையும் அது மாற்றிவிடும், எல்லோரும் புதிதாக குளோன் செய்ய வேண்டும். ஒருவர் பழைய குளோனிலிருந்து புஷ் செய்தால் அழுக்கு திரும்பி வந்துவிடும். அதனால் நாள் குறித்துச் செய்யுங்கள்.

வாடிக்கையாளர் தரவை எட்டக்கூடிய சாவி என்றால், முதல் நிமிடமே பாதுகாப்புப் பொறுப்பாளரையும் உங்கள் மேலாளரையும் அழையுங்கள். இரவு இரண்டு மணியானாலும் அழையுங்கள். என்னை அதற்குப் பிறகு கூப்பிட்டால் போதும்.